புறச் சத்தங்கள் சேர்க்கப்படா

முன்னேஸ்வரம்,
12.02.2018

அன்பு மருமகள் சுபோதினிக்கு,

நான் சுகம். நீரும் பேத்தி அபிராவும் சுகமாயிருக்க முன்னைநாதர் துணை. உமது கடிதமும் பட்டியல் விதிமுறைத் தாளும் கிடைத்தன. நம் வீட்டுக் கசெற்றுகளைக் கனடாவில் ஒரு நூலகம் கேட்கிறதென்று மாமி உயிரோடிருந்து அறிந்திருந்தால், சிலாபம் சந்தை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்திருப்பாள்.

நாம் இருவரும் ஒரே முறைக்கு உடன்பட்டால்தான் பட்டியலை ஏற்பார்களாம். உடன்படப் பார்க்கிறேன். ஆனால் இராகத்தின் பெயரை முதலில் எழுத வேண்டும் என்பதுதான் என் தலையில் ஏறவில்லை. பல்லுப் போகும்வரை நாதஸ்வரம் ஊதியவன் நான். எந்தக் கசெற்றையும் ‘தோடி’ என்று தேடி எடுத்ததில்லை. ‘தேர், தெற்கு வீதி’ என்றுதான் தேடுவேன். உம்மைப் போல் சங்கீத ரீச்சருக்கு இராகம் பெரிது, எனக்கு வீதி பெரிது. சரி, உமக்காக விட்டுக்கொடுக்கிறேன். இராகம் முன்னால் போகட்டும், திருவிழா அதன் பின்னால் வரட்டும்.

வாசிப்புக்குப் புறம்பான சத்தங்களைப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று நீர் எழுதிய விதியும் சம்மதம். வெடி, மாமியின் இருமல், வீதியால் பாண் விற்றுப் போகும் சூன் பாண்காரனின் பாட்டு எல்லாம் கழிந்து போகட்டும்.

என் பங்குக்கு ஒரு விதி. கவரில் எழுதியிருக்கும் வருடத்தை ஒருபோதும் நம்ப வேண்டாம். நம் வீட்டில் கவர் ஒன்று, உள்ளே கிடக்கும் கசெற் இன்னொன்று. ஒலிபெருக்கிக்கார இஸ்ஸதீன் புத்தளத்திலிருந்து தருவதும் அதே இலட்சணந்தான். கசெற்றில் கேட்பதை வைத்தே வருடத்தை முடிவு செய்ய வேண்டும்.

கலைஞர்களின் பிறந்த வருடம், இறந்த வருடம் கேட்டிருக்கிறீர். எனக்குப் பிறந்ததை மட்டும் போடும். மகன் குகதாசனுக்கும் அப்படியே.

உம் அன்பு மாமா,
சோதிலிங்கம்

*

ஸ்காபரோ,
04.03.2018

அன்புள்ள மாமாவுக்கு,

இராகத்தை முன்னால் விட்டதற்கு நன்றி. உங்களிடமிருந்து இதை வாங்க ஒரு வருடமாவது செல்லும் என்று நினைத்திருந்தேன். கவரைப் பற்றிய உங்கள் விதி நூலகத்தாருக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. அதைத் தங்கள் மற்றப் பட்டியல்களுக்கும் எடுக்கப் போகிறார்களாம்.

மாமா, உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் பற்றித்தான் எழுத வேண்டும். எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து இதை அனுப்புகிறேன்.

உங்கள் மகன் கொழும்பில் கல்யாண வீட்டு வாசிப்பு முடித்து, தவிலோடு பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் யாரோ வந்து வான் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் இந்த வருடத்தோடு பத்து வருடம். பொலிஸ், முகாம் என்று நீங்களும் நானும் ஏறாத படி இல்லை. அபிராவைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் அவருடைய படத்தைக் காட்டினோம். இருக்கிறார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நிக்கொலஸ் என்று ஒருவர், கற்பிட்டிப் பக்கத்தவர். அபிராவின் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். அவரைப் பற்றி உங்களுக்கு வேறு யாராவது சொல்லும் முன் நானே சொல்ல வேண்டும். என்னைக் கலியாணம் செய்யக் கேட்கிறார். எனக்கும் விருப்பம். அதற்கு உங்கள் மகனின் மரணச் சான்றிதழ் வேண்டும். தகப்பன் என்ற முறையில் நீங்கள் ஒரு சத்தியக் கடதாசி கொடுத்தால் போதும் என்று சட்டத்தரணி சொல்கிறார். உங்களுக்குத் தெரியாமல் வேறு வழி தேட என்னால் முடியும். செய்ய மாட்டேன்.

என்னைக் கோபித்தாலும் பதில் எழுதுங்கள்.

உங்கள் மருமகள்,
சுபோதினி

*

முன்னேஸ்வரம்,
27.03.2018

அன்பு மருமகளுக்கு,

கோபம் இல்லை. நீர் தனியே கிடந்து வருந்த வேண்டும் என்று நான் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை. நிக்கொலஸ் நல்ல மனிதராக இருக்கட்டும்.

ஆனால் என் கையால் எழுதச் சொல்லாதேயும். நான் கையெழுத்து வைக்கும் நிமிடத்தில் அவன் எங்கேயாவது ஒரு மூலையில் உயிரோடு இருந்தால், நானே அல்லவா அவனைக் கொன்றவன்? பகலில் ‘வேறு வழியில்லை, எழுதடா’ என்கிறேன். இரவில் வாசல் படலை சத்தம் போட்டால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். இப்படிப்பட்டவன் எந்த வாயால் சத்தியம் செய்வது?

பட்டியலில் அவன் பெயருக்குப் பின்னால் வெறுமையாகவே இருக்கட்டும். நூலகம் ஏற்காவிட்டால் கசெற்றுகள் இங்கேயே கிடக்கட்டும்.

மாமா

*

முன்னேஸ்வரம்,
19.05.2018

மகளே சுபோதினி,

உம்முடைய பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. அவசரமாக எழுதுகிறேன், எழுத்துக் கோணலாயிருந்தால் பொறுத்துக்கொள்ளும்.

இஸ்ஸதீன் கடைசிப் பெட்டியைக் கொண்டுவந்து தந்தார். அதில் ஒரு கசெற், தெதுறு ஓயாக் கரையில் தீர்த்தத் திருவிழா. சக்கரவாகம். நாதஸ்வரம் வெளியூர்க் கோஷ்டி. தவில் அவன்! வாசித்தது யாரென்று எனக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. தனித்தவிலில் கடைசி அடிக்கு முன் ஒரு மூச்சுப் பொறுப்பானே, சனம் முடிந்துவிட்டதென்று அவசரப்பட்டுக் கைதட்டுமே, அதே மூச்சு. அவனைத் தவிர எவனுக்கும் அந்தத் துணிச்சல் இல்லை.

கவரில் என்ன வருடம் தெரியுமா? 2011.

2011 இல் என் பிள்ளை நம் ஆற்றங்கரையில் இருந்திருக்கிறான். ஒரு நாளாவது வந்து வாசித்திருக்கிறான். வீட்டுக்கு வரப் பயந்திருப்பான், எங்களுக்குக் கரைச்சல் வரக்கூடாதென்று ஒதுங்கியிருப்பான். இஸ்ஸதீன் தயங்குகிறார். “அண்ணே, கவர் என்ர கையெழுத்துத்தான், ஆனா உள்ளுக்க என்ன கிடக்கெண்டு எனக்கே தெரியாது. அவசரப்படாதேங்கோ” என்றார். நான் அவரோடு சத்தம் போட்டுவிட்டேன். பாவம், அவருடைய மனைவி ஸுலைஹா கொடுத்துவிட்ட சாப்பாட்டையும் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அந்த வருடக் கோஷ்டியைத் தேடி ஆள் அனுப்பியிருக்கிறேன். தலவிலைத் தேவாலயத்துக்குப் போய் அன்னம்மாளுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். ஒரு நாளைக்கு எத்தனை தரம் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

நீர் அவசரப்பட வேண்டாம். நிக்கொலஸிடம் சொல்லும், கொஞ்சம் பொறுக்கச் சொல்லும். இஸ்ஸதீன் இதை உமது போனுக்கும் அனுப்புவார். கேட்டுவிட்டு எழுதும்.

உம் மாமா

*

ஸ்காபரோ,
08.06.2018

அன்புள்ள மாமா,

கேட்டேன். அது அவர்தான். நீங்கள் பிழைவிடவில்லை.

ஆனால் மாமா, தனித்தவில் முடிந்த உடனே நிறுத்திவிட்டுத் திரும்பச் சுற்றுவது உங்கள் பழக்கம். “முழுக்க ஓட விடுங்கோவன், நாடாவெல்லாம் தேயுது” என்று மாமி ஏசுவா. இந்தக் கசெற்றையும் நீங்கள் ஒருமுறையாவது கடைசி வரை ஓட விடவில்லை என்று நினைக்கிறேன். எனக்காக ஓட விடுங்கள். பக்கத்தில் யாராவது இருக்கும்போது கேளுங்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் ஒரு குழந்தை அழும். “அழாத குஞ்சு, அப்பா இப்ப வந்திருவார்” என்று ஒரு பெண் சொல்வாள். அந்தப் பெண் நான். குழந்தை அபிரா. அவளுக்கு ஆறு மாதங்கூட ஆகவில்லை. அது 2007.

அன்று நீங்கள் கண் ஒப்பரேசனுக்குச் சிலாபம் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள், மாமி உங்களோடு நின்றா. அவர் வாசிப்பதைப் பிள்ளை கேட்க வேண்டும் என்று நான் அவளை ஆற்றங்கரைக்குத் தூக்கிப் போனேன். பச்சைக் குழந்தையைத் தண்ணீர்க் கரைக்குக் கொண்டுபோனதற்கு மாமி ஏசுவா என்று நானும் அவரும் உங்களிடம் மூச்சு விடவில்லை. இஸ்ஸதீன் நானாவின் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். சொல்லாவிட்டால் நீங்கள் அந்தக் கோஷ்டியைத் தேடி ஊரூராக அலைவீர்கள். என்னை மன்னியுங்கள். உங்களிடமிருந்து இதையும் பறிக்க நான்தானா வரவேண்டும் என்று அழுதுகொண்டிருக்கிறேன்.

சத்தியக் கடதாசியைப் பற்றி இனி நான் கேட்க மாட்டேன்.

சுபோதினி

*

முன்னேஸ்வரம்,
02.07.2018

சுபோதினிக்கு,

இஸ்ஸதீனைக் கூப்பிட்டுப் பக்கத்துக் கதிரையில் இருத்திக்கொண்டு கடைசி வரை கேட்டேன். நீர் சொன்னபடியே இருக்கிறது. உம்முடைய குரல்தான். அதற்குப் பிறகு அவன் கிட்ட வந்து, “ஏன் அழுகிறா?” என்று கேட்கிறான். அத்தோடு நாடா முடிகிறது. நீர் அதை எழுதவில்லை. எனக்காக மறைத்தீர் போல. பத்து வருடத்துக்குப் பிறகு என் பிள்ளை கதைத்ததைக் கேட்டேன். கேட்ட அதே நேரத்தில் அவன் இல்லை என்பதும் எனக்குள் முடிவாகிவிட்டது. இஸ்ஸதீன் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கவரை நம்பாதே என்று விதி எழுதியவன் நான். அதை நானே மீறினேன். யாரைக் குறை சொல்ல?

சத்தியக் கடதாசி இதனுடன் இருக்கிறது. சிலாபத்தில் சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைத்தேன். அவர் இரண்டு தரம் “ஐயா, வாசிச்சுப் பாத்தீங்களா?” என்று கேட்டார். ஓம் என்றேன்.

பட்டியலில் இப்படிப் போடும்: சக்கரவாகம். தீர்த்தம், தெதுறு ஓயாக் கரை, 2007. தவில், சோதிலிங்கம் குகதாசன், பிறப்பு 1979, இறப்பு 2008. மற்றக் கசெற்றுகளிலும் அவன் பெயர் வரும் இடமெல்லாம் அதே இரண்டு வருடங்களையும் போடும். மீதியை நீரே உமது விருப்பப்படி முடித்துவிடும். என்னிடம் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை.

குழந்தை அழுததை எழுத வேண்டாம். விதி விதிதான். அதன்படி அந்தக் கசெற்றில் நீரும் இல்லை, அபிராவும் இல்லை, அவன் கேட்ட கேள்வியும் இல்லை.

கலியாணம் நல்லபடி நடக்கட்டும். உண்மையாகத்தான் சொல்கிறேன். ஆனால் இனி எனக்கு எழுதாதேயும். உமது கையெழுத்தோடு தபால் வந்தால் அவனைப் பற்றி ஏதோ செய்தி என்றுதான் பத்து வருடமாக உடைத்தேன். இனி எதற்காக உடைப்பது? அபிரா பெரியவளாகிக் கேட்டால், அப்பப்பா இருந்தார் என்று மட்டும் சொல்லும்.

மற்றவற்றையெல்லாம் இஸ்ஸதீன் அனுப்பிவைப்பார். தீர்த்தக் கசெற்றை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். பழையபடி தனித்தவில் முடிந்ததும் நிறுத்திவிடுவேன்.

சோதிலிங்கம்