பெங்களூரில் நீ பாடாமல் வந்த நாள்

போன வியாழக்கிழமை சிதம்பரம் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். செம்மங்குப்பத்தை நெருங்கியதும் அந்த ரசாயன வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அங்கேயே ஓர் ஆலையின் ஆய்வகத்தில் இருபது வருடமாக வேலை பார்க்கும் எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்த வாடை பட்டதும் உன் மேல் எனக்குக் கோபம் வந்தது.

முன்பெல்லாம் இந்த இடம் வந்ததும் நீ பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு வாயை இறுக மூடிக்கொள்வாய். ஆலைகளைத் தாண்டியதும் விட்ட சொல்லிலிருந்து எடுப்பாய். அதுவரைக்கும் நான் டிபன் பாக்ஸ் மூடியில் தாளத்தை விடாமல் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். கடலூர் உப்புக்காற்றில் கம்பிகள் துருப்பிடிக்கின்றன என்று உன் அப்பாவின் பியானோவைச் சிதம்பரத்தில் அண்ணன் வீட்டு மாடியில் வைத்திருந்தாய். ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே ஒத்திகை. பாதி ஒத்திகை பேருந்திலேயே முடிந்துவிடும். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் நம்மைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். நீ கண்டுகொள்ளவே மாட்டாய்.

உன் இரங்கல் போஸ்டரில் என்ன அச்சடித்திருந்தார்கள் தெரியுமா? 'கீபோர்டு ஆசிரியை.' அவ்வளவுதான். மஞ்சக்குப்பத்தில் சுவர் சுவராக அதை ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் கிழித்துப் போடலாம் போலிருந்தது. தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவரின் மகள் நீ. துறைமுகத்தில் வேலை பார்த்த மாமா கொடுத்த ஒரு கேசட்டில் அமெரிக்க ஜாஸ் இசை கேட்டுவிட்டு, ஞானப்பாட்டை அந்த நடையில் வாசித்து, பதினாறு வயதில் பாடகர் குழுவிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவள். புதுச்சேரியில் ஒரு ஓட்டலில் மூன்று வருடம் பாடினாய். பிறகு ஏழு வருடம் சொகுசுக் கப்பலில், ஊர் ஊராக, தினமும் இரண்டு வேளை பியானோ முன்னால். அம்மா படுத்த படுக்கையானதும் கப்பலை விட்டு இறங்கிவந்தாய். அதற்கப்புறம்தான் உன் பாட்டுகளை நீயே தமிழில் எழுத ஆரம்பித்தாய். கெடிலம் ஆற்றில் வெள்ளம் வடிந்த மறுநாள் வீட்டைக் கழுவிவிடும் பெண்ணைப் பற்றிய பாட்டை நீ முதல்முறை பாடிக் காட்டியபோது, உன்னோடு ட்ரம்ஸ் வாசிக்கும் என் கையில் கம்பிப் பிரஷ் இருந்தும் ட்ரம்மைத் தொடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். இதில் எதையும் ஒரு போஸ்டரில் போட இடமில்லையாம்.

உயிரோடு இருந்தபோது மட்டும் என்ன கேட்டார்கள்? திருவந்திபுரம் கல்யாண மண்டபத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? இரண்டாவது பாட்டிலேயே கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் மேடைக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, எல்லாருக்கும் தூக்கம் வருது. ஒரு குத்துப் பாட்டு போடும்மா."

"இதுவும் ஆடுற பாட்டுதான் மாமா. கொஞ்சம் மெதுவா ஆடணும், அவ்வளோதான்" என்றாய். முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. அவரும் என்ன நினைத்தாரோ, நான்கு அடி ஆடிவிட்டுத்தான் போனார். வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். "அந்த ஆளு ஆடுனாரு இல்ல? உனக்கு இன்னும் இன்னாடி வேணும்?" என்றாய்.

எனக்கு நிறைய வேண்டியிருந்தது. நாம் மாடியில் செல்போனில் பதிவு செய்த நான்கு பாட்டுகளைக் கேட்டுவிட்டு பெங்களூரிலிருந்து ஒரு இசைக் கம்பெனி உன்னைப் பாடக் கூப்பிட்டபோது, எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இருபது வருடம் கழித்து ஒருவர் உன்னை உருப்படியாகக் கேட்கப்போகிறார் என்ற சந்தோஷம். நீ அண்ணனோடு காரில் முன்னால் போனாய். எனக்கு லீவு ஒரு நாள் தள்ளித்தான் கிடைத்தது. மறுநாள் மத்தியானம் கடலூர் பேருந்து நிலையத்தில் சின்ன ட்ரம்மை மடியில் வைத்துக்கொண்டு பெங்களூர் பேருந்துக்குக் காத்திருந்தபோது போன் செய்தாய்.

"வராதடி. வீட்டுக்குப் போ. நாங்க திரும்பி வந்துகினு இருக்கோம்."

"இன்னா ஆச்சு?"

"ஒத்துவரல. விடு."

விடவில்லை நான். அடுத்த ஞாயிறு மாடியில் உன்னிடம் என்னவெல்லாம் கேட்டேன். பியானோ மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். "உனக்குப் பயம்டி. இங்க கல்யாணத்துல பாடி, யாரும் புரிஞ்சிக்கலன்னு சொல்லிக்கினு இருக்கறது உனக்கு சுகமா இருக்குது" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாய். "இருக்கலாம்" என்றாய். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு வந்த எரிச்சல் ஆறு வருடம் தீரவில்லை. அதன் பிறகு சிதம்பரத்துக்கு நான் வரவே இல்லை. பெரிய ட்ரம் அங்கேயே கிடந்தது. நீ பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கப் போனாய். வழியில் பார்த்தால் தலையை ஆட்டிக்கொள்வோம். கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன்: கதவைத் தட்டிக்கொண்டு வந்த வாய்ப்பைத் திமிரில் விட்டுவிட்டாள் என்று. பங்குனியில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோதே நீ மயங்கி விழுந்தாய், பிறகு கண் திறக்கவில்லை என்று போன் வந்த அன்றுகூட, அழுகைக்கு நடுவில் அதையேதான் முனகிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை போனது உன் அண்ணன் கூப்பிட்டதால். "மாடிய வாடகைக்கு விடப்போறோம்மா. உன் ட்ரம்மு கெடக்குது, வந்து எடுத்துக்கோ" என்றார். ட்ரம்மைக் கீழே இறக்கிக் கயிறு போட்டுக் கட்டும்போது, சும்மா இருக்காமல் நான்தான் பேச்சை எடுத்தேன். அன்றைக்கு பெங்களூரில் அவள் பாடியிருந்தால் இப்படி ஒரு போஸ்டரா ஒட்டியிருப்பார்கள் என்றேன். அவர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நான்தானே அன்னைக்குக் கார் ஓட்டிக்கினு போனேன். ட்ரம்ஸுக்கு அவுங்க வேற ஆள ரெடியா ஒக்கார வெச்சிருந்தாங்க. செல்போன் பாட்டக் கேட்டோம், அதுல ட்ரம்ஸ் தாளத்துக்குப் பின்னால இழுக்குது, அத வாசிச்சவங்க வேணாம், நீங்க மட்டும் பாடுங்கன்னாங்க. ஒரு மணி நேரம் பேசிப் பார்த்தா. அப்புறம் பைய எடுத்துக்கினு எழுந்துட்டா. கார்ல ஏறுனதும் என் கையப் புடிச்சி சத்தியம் வாங்கினா, உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு. தெரிஞ்சா அவ ட்ரம்ஸ் குச்சியக் கையால தொட மாட்டா அண்ணான்னு சொன்னா. இப்ப அவளே இல்ல. யாருக்காக மறைக்கறது?"

தொட மாட்டேனா? நீ மறைத்தும்தான் ஆறு வருடம் நான் தொடவில்லையே. மறைத்ததால் உனக்கும் எனக்கும் என்ன மிஞ்சியது, சொல். ஆமாம், என் ட்ரம்ஸ் இழுக்கும். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அவர்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. உன்னைப் பயந்தவள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேனே, அப்போதாவது ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கக் கூடாதா? 'இருக்கலாம்' என்று எப்படிச் சொன்னாய்?

அதற்கப்புறம் நான் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான். உன்னைப் பற்றி நான் யார் யாரிடம் தப்பாகச் சொல்லிவைத்தேனோ அவர்களைத் தேடிப் போய் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேற்று உன் தேவாலயத்துப் பாடகர் குழுத் தலைவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ உன்னாலதான் அது நின்னு போச்சுன்னு சொல்ற" என்றார். "ஆமாங்க" என்றேன். அதைச் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

கஷ்டமாக இருப்பது வேறொன்று. ஒரு போன் செய்து, 'உன்னை வேண்டாம்ங்கறாங்க, நான் இன்னா பண்ணட்டும்' என்று நீ கேட்டிருக்கலாம். நீ பாடுடி, நான் வீட்டுக்குப் போறேன் என்று சொல்லியிருப்பேன். அண்ணனிடம் அப்படித்தான் சொன்னேன், அழுதுகொண்டே. பேருந்தில் திரும்பும்போது, கூட்டத்துக்கு நடுவில் ட்ரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு வினாடி தயங்கித்தான் வார்த்தை வந்தது. அந்தத் தயக்கம் உனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் நீ கேட்கவில்லை என்று நினைக்கிறேன். அதைத்தான் இப்போது சுமந்துகொண்டு திரிகிறேன்.