கடைக்குத் திரும்பிய பெல்ட்

அன்பு மனைவிக்கு,

நானும் பாப்பாவும் சௌக்கியம். உன் முட்டிவலி குறைந்ததா? அந்த ஊர் ஆஸ்பத்திரி வார்டு வேலையில் நாள் முழுக்க நிற்காமல் முடியாது என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. உனக்குக் காட்டக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறாள்.

போன கடிதத்தில் தோள் பிடித்துக்கொண்டது என்று மட்டும் எழுதினேன். முழுதாகச் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. புதிதாக வாங்கிய பாதுகாப்பு பெல்ட்டோடு ஆறாவது மாடி வெளிச்சுவருக்கு நீல பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், ஓரத்தை எட்டி அடிக்கச் சாய்ந்தபோது பக்கிள் பிடிவிட்டு வார் சர்ரென்று நழுவியது. எப்படியோ நின்றிருந்த தொங்குபலகையின் கயிற்றைப் பிடித்துவிட்டேன். கூட இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார்.

மறுநாளே கடைக்குப் போனேன். கடைக்காரர் பெல்ட்டைத் தொடக்கூட இல்லை. மூன்று நாள் உபயோகித்துவிட்டாய், பெயிண்ட் வேறு பட்டிருக்கிறது, உபயோகித்த சாமான் வாபஸ் கிடையாது, பில்லிலேயே போட்டிருக்கிறதே என்றார். மாட்டித் தொங்காமல் அது தாங்குமா என்று எனக்கு எப்படித் தெரியும் என்றேன். அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

நுகர்வோர் குறைதீர் அலுவலகத்தில் ஓர் அம்மா இருந்தார். பில்லைப் பார்த்துவிட்டு, இவர் அச்சடித்தால் சட்டமாகிவிடுமா, பழுது பழுதுதான் என்று சொல்லி, கடைக்கு ஒரு கடிதம் கொடுத்தார். அதைப் படித்ததும் கடைக்காரர் பணத்தைத் தந்து பெல்ட்டை வாங்கிக்கொண்டார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் வீட்டுக்கு வந்தேன்.

நாலு நாள் கழித்து அந்த வழியாகப் போனால், அதே பெல்ட் கடையில் விற்பனைக்கு இருக்கிறது. தின்னர் போட்டுத் துடைத்திருக்கிறார்கள்; தையலுக்குள் என் நீலம் அப்படியே இருந்தது. விளம்பரப் பலகை மாட்டுகிற ஒருவர் அதை இடுப்பில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார். நேரே உள்ளே போனேன். வாங்காதீர்கள், இதில் நான் விழப் பார்த்தேன் என்றேன். பணம்தான் வந்துவிட்டதே, இதில் உனக்கென்ன என்று கடைக்காரர் எகிறினார். பெல்ட்டை அந்த ஆளிடமிருந்து வாங்கி மாட்டி, கடைத் தூணில் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தேன். தாங்கியது. கடைக்காரர் சிரித்தார். இரண்டாம் தடவையும் தாங்கியது. மூன்றாவது தடவை தரையில் கிடந்தேன்.

அந்த மனிதர் என்னைத் தூக்கிவிட்டார். பெல்ட்டை எடுத்துக்கொண்டு அலுவலகம் வரை கூடவே வந்தார். இப்போது பெல்ட்டுக்கு சீல் வைத்தாயிற்று. கடையில் மீதி இருந்த பதினொன்றையும் அதிகாரிகள் எடுத்துப் போனார்கள்.

ஒன்றாம் தேதி வேலைக்கு வரச் சொல்லி மேஸ்திரி ஆள் அனுப்பியிருக்கிறார். சோதித்த பெல்ட் தருகிறாராம். தோளும் தேவலை. ஆனால் நேற்று பரணில் பெட்டி எடுக்க ஸ்டூலில் ஏறினேன், இறங்கக் கால் வரவில்லை. பாப்பாவைக் கூப்பிட்டேன். விளையாட்டு என்று நினைத்துக் கை கொடுத்தாள்.

உள்சுவர் வேலைக்குக் கூலி குறைவு. நான் அதற்குப் போனால் நீ அங்கே இன்னும் ஒரு வருஷம் இருக்க வேண்டிவரும். அதனால் நானாகக் கேட்க வாய் வரவில்லை. மேலே ஏற வேண்டாம் என்று நீயே ஒரு வரி எழுதிப் போடேன். நீ சொன்னால் கேட்டுக்கொள்வேன். ஒன்றாம் தேதிக்குள் கிடைத்தால் நல்லது.

தபால்காரரை எதிர்பார்த்திருக்கும்,
உன் கணவன்