குறுக்கு விசாரணைக்கு இரண்டு கேள்விகள்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். உன்னை இன்னும் மருமகள் என்று அழைக்கலாமா, தெரியவில்லை. விவாகரத்துத் தீர்ப்பு வரும்வரை அழைக்கலாம் என்று வைத்துக்கொள்கிறேன். நீ இப்போது தங்கியிருக்கும் இடம் தெரியாததால் உன் அலுவலகத்துக்கு அனுப்புகிறேன்.

குழந்தை நலம். சளி விட்டுவிட்டது. முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. ஆனால் வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். படுக்கையில் கழற்றப் போனால், "எடுக்காத தாத்தா, அம்மா கூப்பிட்டா உடனே ஓடணும்ல" என்கிறாள். அவள் தூங்கிய பிறகு கழற்றி, விழிப்பதற்குள் மாட்டிவிடுகிறேன்.

வழக்கு விஷயம். வரும் திங்கட்கிழமை என் மகன் தரப்பில் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். நீயே சண்டை போட்டுக்கொண்டு, குழந்தையை விட்டுவிட்டு வெளியேறினாய் என்று என் பெயரில் வாக்குமூலம் தாக்கலாகியிருக்கிறது. அதைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். குழந்தை யாரிடம் வளர்வது என்பது பெரும்பாலும் என் சாட்சியை வைத்தே முடிவாகும் என்று அவர்கள் வக்கீல் சொல்கிறார்.

அவர் நேற்று எனக்குப் பாடம் நடத்தினார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க சார். வாத்தியார் புத்தியில விளக்கம் கொடுக்க ஆரம்பிச்சிடாதீங்க." பக்கத்திலிருந்த மகன், "அப்பாவா? அவர் கேட்டாலே பதில் சொல்ல மாட்டார்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

உனக்காக வாதாடும் இலவச சட்ட உதவி மையத்து வக்கீலம்மாவைப் பார்க்கத்தான் முதலில் போனேன். மாடிப்படி அருகே காவலாளி "யாரைப் பார்க்கணும் பெரியவரே?" என்று கேட்டதும், கட்டடம் மாறி வந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

"உங்க மருமக தானாத்தான் போனாங்களா?" என்று வக்கீலம்மா கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அதற்குப் பழக்கியிருக்கிறார்கள், மகனும் எதிரே நிற்பான். அப்படிக் கேட்க வேண்டாம். எத்தனையோ வருடம் கணக்கு வினாத்தாள் தயாரித்தவன் சொல்கிறேன், ஒரே விடை வரும்படி கேட்க வேண்டும். முதலில், உன்னை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டியது யார் என்று கேட்கட்டும். அடுத்து, அந்த மத்தியானம் முழுக்க நீ தட்டிக்கொண்டிருந்தபோது சாவி யார் கையில் இருந்தது என்று கேட்கட்டும்.

இது உனக்குத் தெரியாது. அவன் சாவியை என் கையில் திணித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான். நீ "மாமா, மாமா" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. குழந்தை கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கடிதத்தை முன்கூட்டித் தாக்கல் செய்ய வேண்டாம். தெரிந்துபோனால் என்னைக் கூண்டிலேயே ஏற்ற மாட்டார்கள். ஆனால் அன்றைக்குக் கையில் கொண்டுவரச் சொல். அந்தக் கேள்விகளுக்கும் நான் வாய் திறக்காமல் நிற்கக்கூடும். என்னை எனக்குத் தெரியும். அப்போது இதை என் முன்னால் நீட்டி, இது யார் எழுதியது என்று கேட்கட்டும். அதை மறுக்க என்னால் ஆகாது.

திங்கட்கிழமைக்குப் பிறகு இந்த முகவரிக்குப் பதில் போடாதே.

நீயும் குழந்தையும் ஒரே வீட்டில் நன்றாக இருக்க வேண்டும். வக்கீலம்மாவை உரக்கக் கேட்கச் சொல் அம்மா. காது மந்தம் என்று சொல்லி நான் தப்பித்துவிடக் கூடாது.

இப்படிக்கு,
உன் மாமா