ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் ஒரு நொடி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன ஞாயிறு பேசும்போது நடுவில் ஒரு நொடி சத்தம் நின்றது. உங்களுக்குத் தெரிந்திருக்காது. நான் பேசியது நாங்கள் உருவாக்கும் சோதனை போனில். வழக்கமான போனில் எல்லா வேலையும் ஒரே கூடத்தில் நடக்கும். ஒன்று சரிந்தால் மொத்தமும் சரியும். எங்கள் போனை இயக்கும் மையப் புரோகிராம், அதாவது மைக்ரோகெர்னல், கைப்பிடி அளவுதான். கேமரா, ஒலி எல்லாம் அதற்கு வெளியே தனித்தனி அறையில்.

இதைக் கட்டியவர் எங்கள் டீம் தலைவி, கத்தரி அக்கா. யார் எதை எழுதினாலும் பாதியை வெட்டிவிடுவதால் அந்தப் பெயர். மூன்று மாதமாக நான் எழுதிய ஒலிப் பகுதியை, உங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே வேண்டுமென்று விழவைத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அழைப்பு அறுபடவில்லை. விழுந்தது தானே எழுந்தது. நீங்கள் தண்ணீர் மோட்டார் ரிப்பேரான கதையை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

"விழாத புரோகிராம யாராலயும் எழுத முடியாதும்மா. பக்கத்து ரூமுக்குத் தெரியாம எழுந்துக்கணும், அவ்ளோதான்" என்றார் அக்கா. அந்த மூளைக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம்.

ஒரு சின்ன உதவி. சோதனைக்கு அரை மணி நேர அழைப்பு வேண்டும். நீங்களோ இரண்டு நிமிடத்தில் "சரி, வச்சிடறேன்" என்பீர்கள். இந்த ஞாயிறு வைத்துவிடாதீர்கள். என் பழைய போர்வையையும் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள் மகள்

பி.கு.: உங்களிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. சோதனை நேற்றே முடிந்துவிட்டது. இருந்தாலும் அரை மணி நேரம் பேசுங்கள், அப்பா.