அம்பு ஸ்டிக்கர்

அக்கா,

இன்றைக்குக் கம்பெனியில் புது மார்க்கிங் சாக்பீஸ் பெட்டியைப் பிரித்தார்கள். அந்தப் பொடி வாசம் மூக்கில் ஏறினதும் நீங்கள் பக்கத்தில் நிற்கிற மாதிரியே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். உங்கள் இடத்தில் வேறொரு பிள்ளை நின்று பனியன் செக்கிங் பண்ணிக்கொண்டிருந்தது.

தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர் நீங்கள். வேதாகமத்தை நானே வாசிக்கணும் என்று நாற்பது வயசுக்கு மேல் எழுத்துப் படித்தீர்கள். படித்துவிட்டுச் சும்மாவா இருந்தீர்கள்? நம்ம லைன் வீட்டு ஓனரிடம் கேட்டு, ஞாயிறு மத்தியானம் காலி ஷெட்டில் எங்களையெல்லாம் உட்கார வைத்தீர்கள். கறுப்புப் பனியன் வேஸ்ட் துணிதான் பலகை, மார்க்கிங் சாக்பீஸ்தான் பல்பம். எழுத்துத் தப்பினால், கம்பெனியில் டேமேஜைக் காட்ட ஒட்டுவோமே, அந்த அம்பு ஸ்டிக்கரை அதன்மேல் ஒட்டுவீர்கள். என் துணி முழுக்க அம்புதான்.

"இந்தக் கை பீஸ் பிடிக்கத்தானுங்க்கா லாயக்கு" என்று எழுந்துவிட்டேன்.

"உக்காருட்டி. அம்பு ஒட்டுனது ஆல்ட்டருக்கு, பிரிச்சுச் சரியாத் தைக்க. உன்னய ரிஜெக்ட்டுன்னு எவ சொன்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

அப்புறம் ஒருநாள் தண்ணீர்க் கேனைக் கழுவும்போது, அதில் ஒட்டியிருந்ததை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். சாயப்பட்டறையில் கழித்துப் போட்ட கேன். 'குடிநீர் ஊற்றக் கூடாது.' அதில்தான் வருசக்கணக்காகக் குடித்திருக்கிறோம். கத்தி உங்களைக் கூப்பிட்டேன். அன்றைக்கே ஓனர் வீடு வரைக்கும் எல்லாக் கேனும் வெளியே போனது.

நீங்கள் கண்ணை மூடின மறுமாசம் ஓனர் வந்தார்.

"டீச்சரம்மாதான் இல்லையே அம்மிணி. ஷெட்டுல வேஸ்ட் துணிப் பேல் அடுக்கிக்கறேன்."

பெண்கள் எல்லாம் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வாயை மூடியிருந்தால் வகுப்பு அன்றோடு முடிந்திருக்கும்.

"ஏனுங்கண்ணா, உங்க ஊட்டுக் கேன்ல இருந்ததப் படிச்சுச் சொன்னது ஆருங்க? நாந்தானுங்க. அக்கா இல்லீன்னா என்னுங்க, நான் நடத்தறனுங்க."

அவர் பதில் சொல்வதற்குள் பக்கத்திலேயே இருக்கிற வீட்டுக்குள்ளிருந்து அவர் சம்சாரம், "பேலை வாசல்ல அடுக்குங்க. ஞாயித்துக்கெழம நானும் அங்க படிக்கப் போறனுங்க" என்றார். ஓனர் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார்.

ஷெட்டு நம்மிடமே இருக்கிறது அக்கா. உங்கள் டிபன் பையிலிருந்த ஸ்டிக்கர் சுருள் என்னிடம் இருக்கிறது. போன ஞாயிறு ஒடிசாப் பெண் ஒருத்தி புதிதாக வந்தாள். துணி முழுக்க அம்பு. முகம் சுண்டிப்போய் எழப் பார்த்தாள்.

"உக்காருட்டி" என்று உங்கள் ஊர்ப் பேச்சே என் வாயில் வந்தது. "ஆல்ட்டர்தான்."

கம்பெனியில் தினமும் கேட்கிற அந்தக் கடைசிச் சொல் மட்டும் அவளுக்கு விளங்கியது. உட்கார்ந்தாள்.