சாட்சி சொன்னவன்

பிப்ரவரி 11, 2025, செவ்வாய்

காலையிலேயே நல்ல மழை. மழைக்கோட்டுக்குள்ளும் நனைந்துதான் சிங்கப்பூர் எல்லைப் பாலத்தைக் கடந்தேன். சிங்கப்பூர்க் கிடங்கில் பெட்டி இறக்கும் வேலைக்கு, பாலத்துக்கு இந்தப் பக்கம் தம்போயிலிருந்து இருட்டோடு கிளம்பினால்தான் மோட்டார் சைக்கிள் வரிசையில் இடம் கிடைக்கும். கிளம்புமுன் கழிவறையில் ஹெராயின் பவுடர். திரும்பி வந்ததும் மறுபடி. பாலத்தைத் தாண்டும்போது பையில் ஒரு துளிகூட இருக்கக் கூடாது. பிடிபட்டால் அத்தோடு தொலைந்தேன். உடம்புக்குள் மட்டும்தான் கொண்டுபோகலாம். மத்தியானத்துக்குமேல் அதுவும் தீர்ந்து மூக்கு ஒழுகும், எலும்பெல்லாம் குடையும்.

கிறிஸ்டினுக்கு இது தெரியாது. புருஷன் பவுடரை விட்டுவிட்டான் என்று நினைக்கிறாள். சபையே அப்படித்தான் நினைக்கிறது. போன ஈஸ்டருக்கு மேடையேறிச் சாட்சி சொன்னேனே, கர்த்தர் என்னை விடுவித்தார் என்று! அன்று அது பொய்யில்லை. அடுத்த மாதமே பொய்யாகிவிட்டது.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் ரபேல் அவசர நிதி ஒன்றை அறிவித்தார். கோலாலம்பூரில் ஓர் அறக்கட்டளை கொடுத்ததாம். பவுடரை விட நினைப்பவர்களுக்கு அரசாங்க கிளினிக்கில் மெதடோன் மருந்து சும்மாவே கிடைக்கும். ஆனால் தினமும் காலையில் போய் அவர்கள் கண்ணெதிரே குடிக்க வேண்டும். வேலை நேரத்தால் அது முடியாதவர்களுக்கு, சாயங்காலம் திறக்கும் தனியார் டாக்டரிடம் இந்த நிதி பணம் கட்டும்.

எனக்காகவே சொல்வதுபோல் இருந்தது. கையைத் தூக்கியிருப்பேனோ என்னவோ. அதற்குள் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பிரதர் எல்வின், தொடக்க நாளன்னிக்கு நீங்கதான் பேசணும். உங்களப் பாத்தா நாலு பேருக்கு நம்பிக்கை வரும்."

எல்லாத் தலைகளும் திரும்பின. கிறிஸ்டின் என் கையை அழுத்தினாள். முகமெல்லாம் பூரிப்பு. நிதி கேட்பவர்களின் பெயரை எழுதிக்கொள்ளும் பொறுப்பு அவளுக்குத்தான்.

பிப்ரவரி 20, வியாழன்

மருந்து வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது? என் பெண்டாட்டியிடம். நல்ல வேடிக்கை.

பிப்ரவரி 26, புதன்

எடுக்காமல் வேலைக்குப் போய்ப் பார்த்தேன். கொஞ்ச நேரத்திலேயே கியான் பிடித்துவிட்டது, பவுடர் கேட்டு உடம்பு படுத்தும் பாடு. வியர்வை, வாந்தி, கால் உதறல். சூப்பர்வைசர் மனோகரன் அண்ணன், "காய்ச்சலா? எம்.சி. லீவு எடுத்துட்டு வீட்டுக்குப் போ லா" என்றார். நல்ல மனிதர். பாலத்து வரிசையில் நின்று அழுதேன், ஹெல்மெட் இருந்தது நல்லதாயிற்று. விட முடியவில்லையே என்று அழுதேனா, இன்னும் வீடு போய்ச் சேரவில்லையே என்று அழுதேனா? இரண்டும்தான்.

மார்ச் 9, ஞாயிறு

எடுத்துக்கொண்டுதான் மேடையேறினேன். எடுக்காமல் நிற்கவே முடியாது. விட்டுவிட்டேன் என்று சொல்வதற்கே ஓர் இழுப்பு வேண்டியிருக்கிறது — த்தூ.

இரண்டு வார்த்தை பேசி இறங்குவதாகத்தான் நினைப்பு. கை தட்டினார்கள். தட்டத் தட்ட வாய் நீண்டது. "மருந்தில்ல, மாத்திரையில்ல, ஜெபம் மட்டும்தான்" என்றேன். யார் கேட்டார்கள் அதை? மருந்துக்காகத்தான் அந்தக் கூட்டமே. பாஸ்டர் முகம் கொஞ்சம் சுருங்கியது, பிறகு அவரும் தட்டினார்.

பெக்கான் நானாஸிலிருந்து வந்திருந்த பியாட்ரிஸ் அக்கா என் கைகளைப் பிடித்துக்கொண்டு விம்மினார். மகன் செல்வாவின் பெயரைக் கொடுத்திருக்கிறாராம். விடியற்காலையில் லோரியில் அன்னாசி ஏற்றப் போகிறவன், காலை கிளினிக் அவனுக்கும் ஆகாது.

மார்ச் 12, புதன்

சோறு போட்டுக்கொண்டே கிறிஸ்டின் சொன்னாள்: பியாட்ரிஸ் அக்கா மகனின் பெயரை எடுத்துவிட்டார். "எல்வின் தம்பி மருந்து இல்லாமத்தானே எழுந்தாரு, எம் புள்ளைக்கு மட்டும் எதுக்கு?" என்றாராம். அவனை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு உபவாசம் இருக்கிறாராம்.

"மருந்து வேணும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தேன்.

மார்ச் 13, வியாழன்

பூட்டிய அறைக்குள் ஒரு பையன் வாந்தியெடுத்துக் கிடக்கிறான். நான் வேலைக்குப் போய்விட்டு வந்தேன். பூட்டுனது யாரு? நான்தானே. கதவ தெறந்ததும் ஓடுவான். பழைய அளவே எடுப்பான். இத்தன நாள் எடுக்காத உடம்பு அத தாங்காது, செத்துருவான். அப்படிப் போனவங்கள பாத்திருக்கேன். என்ன செய்யப் போற எல்வின்?

மார்ச் 15, சனி

பெக்கான் நானாஸ் போனேன். அக்கா தேநீர் போட உள்ளே போனார். அறைக் கதவில் பூட்டு. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் செல்வா, எலும்பும் தோலுமாக. என் கண்ணையே உற்றுப் பார்த்தான். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால் எங்கள் ஆட்களுக்குத் தெரியாமல் போகுமா?

"அண்ணே, இன்னிக்கு எடுத்துட்டுத்தான வந்திருக்கீங்க?" மெதுவாகத்தான் கேட்டான்.

தலையாட்டினேன். அவன் சிரிக்கவில்லை. நெற்றியைக் கம்பியில் வைத்துக்கொண்டான்.

அக்கா தட்டோடு வந்ததும் சொல்லிவிட்டேன். "அக்கா, நான் விடல. அன்னிக்கு மேடையில சொன்னது பொய். இவனுக்கு மருந்து வேணும்."

அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"அப்ப அன்னிக்கு நான் அழுதது?"

தேநீரை யாரும் தொடவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

சபைக்குக் கிளம்புமுன் கிறிஸ்டினிடம் சொன்னேன். சொல்வதற்கு முன்பே கண்டுபிடித்திருப்பாள் என்று ஓர் அற்ப நம்பிக்கை இருந்தது எனக்கு.

"எனக்குத் தெரியாது" என்றாள். "சத்தியமாத் தெரியாது. எல்லார்கிட்டயும் உங்களக் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டேனே, அதான் தாங்கல."

சபையில் வேறு வரிசையில் போய் உட்கார்ந்தாள். பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வலித்தது.

மார்ச் 18, செவ்வாய்

பாஸ்டரிடமும் சொல்லிவிட்டேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னை மேடையேற்றியது தன் பிழை என்றார். பிறகு நிதியில் ஓர் இடம்தான் மிச்சம் என்றார். செல்வாவுக்கென்று இருந்த இடம். அக்கா இன்னும் திரும்பக் கேட்கவில்லை, நான் எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

சாயங்கால மருந்து. சிங்கப்பூர் வேலையும் போகாது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அக்கா கேட்காவிட்டால் எனக்கு — ச்சீ, அவர் கேட்கக் கூடாது என்றா வேண்டிக்கொண்டிருக்கிறேன்?

மார்ச் 19, புதன்

வேண்டாம் என்று பாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். அக்கா என் போனை எடுப்பதில்லை. கிறிஸ்டினைப் பேசச் சொன்னேன். பேசினாள்.

மார்ச் 27, வியாழன்

செல்வா நேற்றுச் சாயங்காலம் டாக்டரிடம் முதல் மருந்து குடித்தானாம். அறைப் பூட்டு இப்போது வாசல் கேட்டில் தொங்குகிறதாம். கிறிஸ்டின் சொல்லித்தான் தெரியும்.

வேலையை விடுவதாக மனோகரன் அண்ணனிடம் சொன்னேன். "அலமாக், சிங்கப்பூர் காச விட்டுட்டா?" என்றார். தம்போயில் டயர் கடை ஒன்றில் எடுத்துக்கொள்கிறார்கள். காலை கிளினிக் முடிந்த பிறகு போனால் போதும்.

ஏப்ரல் 7, திங்கள்

அரசாங்க கிளினிக். வரிசையில் எனக்குப் பின்னால் சபைக்கு வரும் ஐயாசாமி அண்ணன், சர்க்கரை மாத்திரை வாங்க. பார்த்துவிட்டார். நான் நகரவில்லை. கிறிஸ்டின் வாசல்வரை வந்தாள், உள்ளே வரவில்லை.

சின்னக் கோப்பை. திகட்டும் இனிப்பு. குடித்ததும் ஏதாவது பேச வேண்டுமாம். வாயில் அடக்கிக்கொண்டு போய் வெளியே விற்றுவிடக் கூடாதே. கவுன்டரில் இருந்த பெண் என் வாயையே பார்த்தாள்.

என்ன பேசுவது?

"எல்வின்" என்றேன்.

சரி என்று தலையாட்டி, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். யாரும் கை தட்டவில்லை.