எடை போன மத்தியானம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கே சௌக்கியம். உங்கள் இருமல் நின்றதா? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

அம்மா, நேற்று எங்கள் எடைக்குறைப்பு இயந்திரம் வேலை செய்துவிட்டது! பேராசிரியர் நாற்காலியைத்தான் மிதக்கவிடப் பார்த்தார். அதில் நான் உட்கார்ந்திருந்ததை மறந்துவிட்டார். பயப்படாதீர்கள், கூரையில் தலை மெதுவாகத்தான் முட்டியது.

“சார், எறக்கி விடுங்க!” என்று கத்தினேன்.

“எறக்குறதை இன்னும் கண்டுபிடிக்கலையேம்மா!” என்று குதித்துக் குதித்துச் சிரித்தார்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மேசைமேல் ஏறி என் காலைப் பிடித்து இழுத்து, அலமாரியோடு கட்டிப்போட்டார். சாயங்காலம் எடை தானாகவே திரும்பிவிட்டது.

இனிமேல் இடுப்பில் கட்டிக்கொள்ள உங்கள் பழைய புடவை ஒன்று அனுப்புங்கள். கயிறு இங்கேயே கிடைக்கும்தான். இருந்தாலும் புடவையே அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

சார் கூரையிலிருந்து கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உங்கள் செல்ல மகள்